கதவைத் திறந்து கொடு என்று கேட்கும் ஸ்பானிஷ்

ஸ்பானிஷில் 'நான் போகிறேன்' என்பதற்குச் சொல்லும் ஒற்றைச் சொல் 'போய்'. எழுதும்போது ஆங்கில 'வி' போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த மொழியில் 'வி'க்கும் 'பி'க்கும் ஒலி ஒன்றுதான், நம் 'பஸ்'ஸில் வருகிற ப. சென்னையிலோ கோவையிலோ ஸ்பானிஷ் வகுப்பில் முதல் வாரம் உட்காரும் தமிழர் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். ஒலியும் கிட்டத்தட்ட நம்முடையது, பொருளும் நம்முடையது. உறவு எதுவும் இல்லை, வெறும் தற்செயல். அடுத்த சொல்லிலேயே குட்டு உடைந்துவிடும்: 'அவன் போகிறான்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'வா'. நாம் ஆளைக் கூப்பிடுகிற சொல் அங்கே கிளம்பிப் போகிற சொல்.

'போ' என்ற வினையின் பெயர் ஸ்பானிஷில் 'ஈர்'. அந்த மொழியின் மிக ஒழுங்கற்ற வினைகளில் ஒன்று. லத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று வினைகளின் துண்டுகளை ஒட்டுப்போட்டது அது. நிகழ்காலம் ஒரு வினையிலிருந்து வந்தது, எதிர்காலம் இன்னொன்றிலிருந்து. இறந்தகாலத்தை 'இரு' என்ற வினையோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் 'ஃபுய்' என்று ஒருவர் சொன்னால் 'போனேன்' என்றும் கொள்ளலாம், 'இருந்தேன்' என்றும் கொள்ளலாம். மற்ற சொற்களைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். ஸ்பெயின்காரர்களே இந்த வினையில் தடுமாறுவார்கள். பலரைப் பார்த்து 'கிளம்புங்கள்' என்று சொல்ல இலக்கணம் ஒரு வடிவத்தை வைத்திருந்தது, தெருவில் எல்லோரும் வேறொன்றைச் சொன்னார்கள். 2017இல் ஸ்பானிஷ் அரச அகாதமி தெருவுக்கே வழிவிட்டது. அதை ட்விட்டரில் முதலில் வெளியே சொன்னவர் அகாதமி உறுப்பினரும் நாவலாசிரியருமான அர்த்தூரோ பெரெஸ் ரெவெர்த்தே.

இத்தனை குழப்பக்கார வினைக்கு ஒரு எச்ச வடிவம் உண்டு. அதுதான் 'யெந்தோ'.

ஸ்பானிஷ் இலக்கணத்தில் இந்த வடிவத்துக்கு 'ஹெருந்தியோ' என்று பெயர். செய்முறை எளிது. 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'ஆந்தோ' ஒட்ட வேண்டும். 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'இயெந்தோ'. பேசு என்பது 'அப்லார்', அதன் எச்சம் 'அப்லாந்தோ'. சாப்பிடு 'கொமேர்', எச்சம் 'கொமியெந்தோ'. 'ஈர்' என்ற வினையில் சிக்கல் என்னவென்றால், முடிவை வெட்டி எடுத்த பிறகு வேர் என்று மிஞ்ச ஒன்றுமே இல்லை. வெறும் 'இயெந்தோ'தான் கையில் நிற்கும். சொல்லின் முதலில் 'ஐ' என்ற எழுத்தும் அடுத்து ஓர் உயிரும் இப்படி வந்தால், அந்த 'ஐ'யை 'ஒய்' ஆக்கி எழுதுவது ஸ்பானிஷ் வழக்கம். இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டினாலும் அதே கதைதான்: படி என்பதன் எச்சம் 'லெயெந்தோ', விழு என்பதன் எச்சம் 'கயெந்தோ'. இரண்டு உயிர் சந்திக்கும் இடத்தில் யகரம் நுழைவது நமக்கு ஒன்றும் புதிதல்லவே. 'மணி அடித்தது' என்பதை இயல்பாக 'மணியடித்தது' என்று சேர்த்து எழுதுகிற கைகளுக்கு 'யெந்தோ' எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தமிழர்கள் இதைத் தமிழ் வழியாகக் கற்பதில்லை. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவார். 'ஹெருந்தியோ என்றால் ஆங்கிலத்தின் ஐ-என்-ஜி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தவறுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன.

முதல் தவறு, 'எஸ்தோய் யெந்தோ'. ஆங்கிலத்தின் 'ஐ ஆம் கோயிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இதுதான் கிடைக்கும். இலக்கணப்படி குற்றமில்லை, லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் காதில் விழவும் செய்யும். ஆனால் ஸ்பெயினில் பெரும்பாலும் வெறும் 'போய்' போதும். நாளைக்கு ஊருக்குக் கிளம்புவதைச் சொல்வதானால் 'எஸ்தோய் யெந்தோ' எடுபடவே எடுபடாது. ஆங்கிலத்தில் வரப்போகிற பயணத்தையும் ஐ-என்-ஜி போட்டுச் சொல்லலாம். ஸ்பானிஷில் எளிய நிகழ்காலம்தான். நாமும் 'நாளைக்கு ஊருக்குப் போறேன்' என்கிறோமே தவிர 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதில்லை. சரியான விடை கற்பவரின் வாயிலேயே இருக்கிறது, ஆங்கிலம் நடுவில் வந்து மறைக்கிறது.

இரண்டாவது தவறு இன்னும் பரவலானது. ஆங்கிலத்தில் ஐ-என்-ஜி தொழிற்பெயராகவும் வேலை செய்யும். ஸ்பானிஷ் ஹெருந்தியோ ஒருபோதும் பெயராகாது. 'புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகையில் 'ப்ரொய்பீதோ ஃபுமார்' என்றுதான் இருக்கும். 'ஃபுமார்' என்பது வினையின் பெயர் வடிவம், அங்கே 'ஃபுமாந்தோ' போட்டால் பலகையே சிரிக்கும். 'நடப்பது நல்லது' என்பதில் வரும் 'நடப்பது'க்கும் 'நடந்து' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தமிழில் 'நடந்து நல்லது' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது.

ஆக, ஹெருந்தியோவுக்கு நம்மிடம் நெருங்கிய சொந்தம் வினையெச்சம். 'செய்து' என்ற வாய்பாடு. நன்னூல் வினையெச்சத்துக்குப் பன்னிரண்டு வாய்பாடுகள் சொல்லி, வரிசையில் முதலாவதாக வைப்பது இதைத்தான். முதல் ஸ்பானிஷ் இலக்கணத்தை 1492இல் வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா, ஹெருந்தியோவை வினைக்குள் அடைக்காமல் தனியொரு சொல்வகையாகவே எண்ணினார். அவர் கணக்கில் ஸ்பானிஷில் சொல்வகைகள் பத்து, அவற்றில் ஒன்று ஹெருந்தியோ. பின்னால் வந்தவர்கள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். ஆனால் தனியாக நின்று பொருள் முடியாத, இன்னொரு வினையைத் தேடி நிற்கிற ஒரு வடிவத்தின் விசித்திரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அது தேடிப் போய்ச் சேருகிற வினைகளைப் பார்த்தால்தான் சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். 'வா' என்ற வினையின் தன்மை வடிவம் 'பெங்கோ'. சொல் என்பதன் எச்சம் 'திசியெந்தோ'. இரண்டையும் சேர்த்து 'பெங்கோ திசியெந்தோ' என்றால், நேற்று தொடங்கியதல்ல, வெகுநாளாகச் 'சொல்லி வருகிறேன்' என்று பொருள். தமிழிலும் அதே 'வா', அதே வேலை. இதை ஆங்கிலத்தில் விளக்க ஆசிரியர் கரும்பலகையில் கோடு போட்டு, இறந்தகாலத்தில் ஒரு புள்ளி வைத்து, நிகழ்காலம் வரை அம்பு இழுக்க வேண்டியிருக்கும். தமிழருக்கு 'சொல்லி வருகிறேன்' என்று இரண்டு சொல் போதும், அம்பும் புள்ளியும் அழிந்துவிடும்.

'அந்தார்' என்ற வினை இன்னும் சுவையானது. நட, சுற்று, திரி என்றெல்லாம் பொருள். 'ஆந்தா திசியெந்தோ' என்றால் அவன் 'சொல்லித் திரிகிறான்'. வெறுமனே சொல்கிறான் என்பதில் இல்லாத ஒரு சலிப்பு, ஒரு குற்றச்சாட்டு அதில் ஏறிவிடுகிறது. எவனோ ஊர் முழுக்க நம்மைப் பற்றி ஏதோ பேசுகிறான், அது நமக்குப் பிடிக்கவில்லை. ஸ்பானிஷ் 'ஆந்தா'வுக்கும் தமிழ் 'திரிகிறான்' என்பதற்கும் அந்தச் சலிப்பு ஒரே அளவில் இருக்கிறது. தன்மையில் அந்த வினை 'ஆந்தோ' என்றாகும். வேலை தேடி அலைபவர் 'ஆந்தோ புஸ்காந்தோ' என்பார். குறில் போட்டு எழுதினால் நம் பழைய 'அந்தோ!' வந்து நிற்கும். வேலை தேடுகிற சமயத்தில் பொருத்தமும்கூட.

'பீனோ கொர்ரியெந்தோ' என்றால் 'ஓடி வந்தான்'. 'பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான்' என்பதற்கு 'செ கெதோ மிராந்தோ'. 'எப்படிப் போகிறது?' என்று ஸ்பெயினில் கேட்டால் பலர் 'திராந்தோ' என்று ஒற்றை எச்சத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். 'இழுத்து', 'இழுத்துக்கொண்டு' என்பது அதன் நேர்ப்பொருள். நம் ஊர்ப் பெரியவர்கள் 'ஏதோ வண்டி ஓடுது' என்று இழுப்பதும் இதே ராகம்தான்.

இனி 'யெந்தோ'வின் சொந்த விளையாட்டு. போ என்பதே துணைவினையாகவும் வரும் என்பதால், அதைத் தன்னோடேயே சேர்க்கலாம். 'பே யெந்தோ'. முதல் சொல் 'போ' என்ற கட்டளை, இரண்டாவது அதே வினையின் எச்சம். இலக்கணப் புத்தகத்தில் படித்தால் அபத்தமாகத் தெரியும். வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால் அபத்தம் போய்விடும். நண்பர்கள் கிளம்பித் தெருவில் நிற்கிறார்கள், வீட்டுக்காரர் இன்னும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து அவர் கத்துவது இதுதான்: 'நீ போய்க்கிட்டு இரு, நான் வந்துர்றேன்.' போகத் தொடங்கு, மெதுவாகப் போ, நான் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்பது அத்தனையும் அந்த இரண்டு சொல்லில் அடக்கம். விருந்து முடிந்து எழுந்து, உடனே கிளம்ப மனமில்லாமல் 'நான் அப்படியே கிளம்புறேன்' என்கிறோமே, அதற்கு அவர்களிடம் 'போய் யெந்தோ' இருக்கிறது. சொன்ன பிறகு இன்னும் அரைமணி நேரம் வாசலில் நின்று பேசுவது இரண்டு ஊரிலும் வழக்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒத்துப்போகாது. கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்ல நமக்கு நா எழாது, 'போயிட்டு வர்றேன்'தான். ஸ்பானிஷ்காரருக்கு அந்தக் கூச்சம் துளியும் இல்லை. 'மே போய்', நான் போகிறேன், முடிந்தது. அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நம் பிள்ளை 'வர்றேம்மா' என்று குரல் கொடுக்கும், ஸ்பானிஷ் பிள்ளை 'யா போய்' என்று கத்தும். 'இதோ போகிறேன்' என்று சொல்லிக்கொண்டே அது அம்மாவை நோக்கித்தான் ஓடி வருகிறது.

ஹெருந்தியோ ஸ்பெயினில் பள்ளிக்கூடத்துச் சொல்லாக மட்டும் நின்றுவிடவில்லை. சோம்பி உட்கார்ந்திருப்பவர்களைக் கிளப்ப 'அந்தாந்தோ, கெ எஸ் ஹெருந்தியோ' என்பார்கள். 'நட, நட... அது ஹெருந்தியோ ஆயிற்றே' என்று பொருள் மாதிரி ஒன்று. காரணமே இல்லாத காரணம். வகுப்பில் மனப்பாடம் செய்த எரிச்சலை இப்படித் தீர்த்துக்கொள்கிறார்களோ என்னவோ. 1758இல் ஹோசே ஃபிரான்சிஸ்கோ தெ இஸ்லா என்ற இயேசு சபைப் பாதிரியார் ஒரு நாவல் எழுதினார். ஆடம்பரமான வார்த்தைகளை அடுக்கி, ஒன்றும் சொல்லாமல் முழங்குகிற பிரசங்கிகளைக் கிழித்துத் தொங்கவிடும் கதை. அதன் நாயகனுக்கு அவர் வைத்த பெயர் ஹெருந்தியோ. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிரசங்கிகள் சிரிக்கவில்லை. 1760இல் மத விசாரணை மன்றம் புத்தகத்தைத் தடைசெய்தது.

பிரசங்கிகளின் இடத்தை இன்று எடுத்துக்கொண்டிருப்பவை அரசாணைகள். 'இன்னதை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஒரு ஆணை' என்கிற தோரணையில், பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாக ஹெருந்தியோவை ஒட்டுவது ஸ்பெயின் அரசிதழின் பழக்கம். அந்தப் பிழைக்கே 'அரசிதழ் ஹெருந்தியோ' என்று இலக்கணக்காரர்கள் பெயர் சூட்டிவிட்டார்கள். பெயருக்கு முன்னால் வருவதற்கு நம்மிடம் பெயரெச்சம் தனியாக இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஸ்பானிஷில் விதிவிலக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டவை இரண்டே இரண்டு: கொதிக்கிற தண்ணீருக்கு 'ஆகுவா இர்பியெந்தோ' என்று சொல்லலாம், எரிகிற பொருளுக்கு 'ஆர்தியெந்தோ' சொல்லலாம். கொதிப்பதும் எரிவதும் மட்டும் ஏன் தப்பித்தன என்று கேட்டால், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் கிடைக்காது.

பத்திரிகைக்காரர்களின் பிழை வேறு. 'திருடன் ஓடினான், சில மணி நேரத்தில் கைதாகி' என்று எழுதுவார்கள். ஓடியது முதலில், கைதானது பிறகு. ஆனால் பின்னால் நடந்ததற்கு எச்சத்தைப் போட்டிருக்கிறார்கள். அகாதமி இதைப் பல காலமாகக் கண்டித்து வருகிறது. தமிழ் நிருபர் 'தப்பி ஓடி, சில மணி நேரத்தில் பிடிபட்டான்' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். தமிழில் 'செய்து' என்ற எச்சம் பெரும்பாலும் முன்னால் நடந்த செயலின் மீதுதான் உட்காரும்.

நம் ஒப்புமை கொஞ்சம் ஆட்டம் காண்பதும் இங்கேதான். ஸ்பானிஷ் ஹெருந்தியோ பெரும்பாலும் ஒரே சமயத்தில் நடப்பதைச் சொல்வது. 'பீனெ கொமியெந்தோ' என்று ஒருவர் மத்ரீதில் சொன்னால், கையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தெருவில் நடந்து வந்தார் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் அதைத் தமிழாக்கினால் 'சாப்பிட்டு வந்தேன்'. நமக்கு அது வீட்டிலேயே சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த கதை. விருந்துக்குப் போன இடத்தில் 'சாப்பிட்டு வந்தேன்' என்பதை இப்படி ஸ்பானிஷில் சொன்னால், வீட்டுக்காரர் வந்தவரின் வாயோரத்தில் ரொட்டித் துகள் தேடுவார். இந்த எச்சம் முன்னால் நடந்ததைச் சொல்லாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்வார்.

ஆசிரியர் ஈக்வடாரின் மலைப்பகுதியிலிருந்து வந்தவரானால் சொல்ல மாட்டார்.

ஆண்டீஸ் மலையில் ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஈக்வடாரின் தலைநகர் கீத்தோ. ஸ்பானியர்கள் 1534இல் அங்கே தங்கள் நகரத்தை நிறுவினார்கள். சுற்றிலும் பேசப்பட்டது இன்காக்களின் மொழியான கெச்சுவா. ஈக்வடாரில் அதற்குக் கிச்சுவா என்று பெயர். கெச்சுவாவும் தமிழும் உறவல்ல. ஆனால் கட்டுமானத்தைப் பார்த்தால் பங்காளிகள் என்று சொல்லத் தோன்றும். வினை கடைசியில் வரும், விகுதிமேல் விகுதி ஒட்டிக்கொண்டே போகும், வாக்கியத்தின் நடுவில் எத்தனை வினை வந்தாலும் கடைசி ஒன்று தவிர மற்றவை எச்சமாகத் தொங்கும். அந்த எச்ச விகுதி கிச்சுவாவில் 'ஷ்பா'. செய் என்பது 'ரூரா', செய்து என்பது 'ரூரஷ்பா'. பல நூறு ஆண்டுகள் இரண்டு மொழியையும் ஒரே வாயில் பேசிய மக்கள், ஸ்பானிஷ் சொற்களை எடுத்துத் தங்கள் மொழியின் எலும்புக்கூட்டில் மாட்டிவிட்டார்கள்.

விளைவு, 'தாமெ அப்ரியெந்தோ லா புவெர்தா'. சொல்லுக்குச் சொல்: 'கொடு எனக்கு, திறந்து, கதவை.' மத்ரீத்காரருக்கு இது விளங்காது. கதவைத் திறந்துகொண்டே எதைக் கொடுக்கச் சொல்கிறார்? தமிழருக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? 'கதவைக் கொஞ்சம் திறந்து கொடு.' ரொட்டி வாங்கிவரச் சொல்ல 'தாமெ கொம்ப்ராந்தோ பான்', ரொட்டி வாங்கிக் கொடு. கிச்சுவாவிலும் எச்சத்தோடு 'கொடு' சேர்த்துத்தான் இப்படிக் கேட்பார்கள். கீத்தோவில் இது பணிவின் அடையாளம். 'திற' என்பது அதட்டல், 'திறந்து கொடு' என்பது எனக்காகச் செய்கிற உதவி. அந்த மென்மை தமிழிலும் அப்படியே இருப்பதால், கீத்தோக்காரரின் தயவு நமக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே எட்டும்.

1999இன் வங்கி நெருக்கடிக்குப் பிறகு லட்சக்கணக்கான ஈக்வடார்காரர்கள் ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போனார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவர்களோடு 'தாமெ'யும் கடல் தாண்டிப் போயிற்று. ஒரே மொழி பேசும் இரண்டு பேர், ஒருவர் கதவுக்கு முன்னால் நின்று பணிவாகக் கேட்க, மற்றவர் திருதிருவென்று விழிப்பதைக் கற்பனை செய்வது கடினமல்ல.

கீத்தோவில் 'பீனெ கொமியெந்தோ' என்றால் நம் அர்த்தம்தான், சாப்பிட்டுவிட்டு வந்தேன். 'தெஹே செர்ராந்தோ' என்றால் மூடிவிட்டு வந்தேன். கடைக்காரர் ஒருவரைத் திட்டி அனுப்பினால், அங்கே 'அனுப்பு' என்ற வினையோடு 'பேசி' என்ற எச்சத்தைச் சேர்த்து 'மந்தோ அப்லாந்தோ' என்பார்கள். மத்ரீத் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் பிழை என்று வட்டம் போடலாம். போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மலைநாடே தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு தவறாமல் பேசுவதைப் பிழை என்பது கொஞ்சம் அதிகப்படி.

இன்னும் தெற்கே, பெருவிலும் பொலிவியாவிலும், 'திசியெந்தோ'வுக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்திருக்கிறது. கெச்சுவாவில் சொல் என்பது 'நி', அதன் எச்சம் 'நிஸ்பா'. ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, சொன்ன வாசகத்தை முதலில் வைத்து, அதன் வாலில் 'நிஸ்பா'வை மாட்டுவார்கள். நம் 'என்று' பிறந்த கதையும் இதுவே. 'என்' என்றால் சொல். 'என்று' என்றால் சொல்லி. ஸ்பானிஷிலோ 'அவன் சொன்னான்' முதலில் வரும், 'கே' என்ற இணைப்புச்சொல் அடுத்து வரும், வாசகம் கடைசியில் வரும். ஆண்டீஸ் மக்களுக்கு அது கைக்கு அடங்கவில்லை. வாசகத்தைச் சொல்லிவிட்டு, பின்னாலேயே 'திசியெந்தோ தீஹோ' என்று முடிக்கிறார்கள். 'நாளைக்கு வர்றேன்னு சொன்னான்' என்பதில் 'னு' இருக்கிற இடத்தில் 'திசியெந்தோ', 'சொன்னான்' இருக்கிற இடத்தில் 'தீஹோ'.

பொலிவியாவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற விருந்தாளியிடம் 'கே திசியெந்தோ' என்று தொடங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். 'கே' என்றால் என்ன, 'திசியெந்தோ' என்றால் சொல்லி. எதற்காக, என்ன காரணமாக வந்தாய் என்பது கருத்து. ஸ்பெயினிலிருந்து போனவர் அந்தக் கேள்வியின் முன்னால் நின்று, தான் வழியில் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே வந்தோமா என்று யோசிப்பார். மதுரைப் பக்கத்துக்காரர் அதை அப்படியே 'என்னன்னு வந்தே?' என்று காதில் வாங்கிக்கொண்டு, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் என்று பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.